நீ ஓடியது பொய்யில்லை

அன்பு மகள் தேவகிக்கு,

இந்நேரம் நீ தெலுக் இந்தானில் உன் வீட்டு அடுப்படியில் எந்தச் சாமானை எங்கே வைப்பது என்று யோசித்துக்கொண்டிருப்பாய். இங்கே சிலிபினில் கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். உன் அப்பா வாசலில் கட்டிய வாழை மரத்தை அவிழ்த்துப் போட்டுவிட்டு நாற்காலியிலேயே தூங்கிப்போனார். உன்னிடம் நேரில் பேச உட்கார்ந்தால் எனக்கு அழுகை முந்திக்கொள்கிறது, அதனால் எழுதுகிறேன். உனக்கு நடந்ததையெல்லாம் நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பார்த்தும் பாதி நேரம் என்னால் நம்ப முடியவில்லை. ஓடுகிறவள் முன்னால் பார்த்துத்தான் ஓடுவாள். பின்னால் நாங்கள் எப்படி வாயடைத்து நின்றோம் என்பது உனக்குத் தெரிந்திருக்காது. அதை நான்தான் சொல்ல வேண்டும்.

உனக்குப் பதிமூன்று வயது இருக்கும். அந்த வருஷம் தோட்டத்துப் புத்தாண்டு விளையாட்டில் பெண்களுக்கென்று வைத்தது ஊசியில் நூல் கோப்பதும் கரண்டியில் எலுமிச்சம்பழத்தோடு நடப்பதும்தான். ஓட்டம் பையன்களுக்கு. நீ யாரையும் கேட்காமல் பள்ளிச் சீருடையோடு, வெறுங்காலோடு போய் அவர்கள் பக்கத்தில் கோட்டில் நின்றாய். தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியின் மகன் ஈப்போவில் படிக்கிறவன், ஆணி வைத்த ஓட்டச் சப்பாத்து போட்டிருந்தான். அவனுடைய சிநேகிதர்கள் உன்னைப் பார்த்துச் சிரித்தார்கள். விசில் ஊதியது. நான் கரண்டியை வாயில் கவ்விக்கொண்டு என் முறைக்காகக் காத்திருந்தேன். அவன் எல்லைக்கோட்டுக்கு வந்து சேர்ந்தபோது நீ அங்கே திரும்பி நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். என் எலுமிச்சம்பழம் எப்போது கீழே விழுந்தது என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் நின்ற மண்டோர், நாங்கள் ரப்பர் மரத்தில் பால் வெட்டும்போது எங்களை மேய்க்கிறவர், "என்னா லா இது, பொம்பளப் புள்ளையா, பேயா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு அது பாராட்டாகத்தான் கேட்டது.

பிறகு லிம் மாஸ்டர் வந்தார். ஈப்போ பள்ளி ஒன்றில் ஓட்டம் சொல்லிக்கொடுக்கிறவர், உன்னைப் பற்றி யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, மோட்டார் சைக்கிளில் தோட்டம் கொடுத்த நம் லயத்து வீட்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டார். சீன மனிதர், நம்மோடு மலாயில்தான் பேசினார். உன் அப்பா புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட் உலர்த்திவிட்டு வந்து, அந்த வாடையோடு கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டார். "பொண்ணுக்கு ஓட்டம் எதுக்கு" என்று சொல்வார் என்று நினைத்தேன். அவர், "சாப்பாடு என்னா குடுக்கணும்?" என்று கேட்டார். அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு தோட்டம் கைமாறி, மரங்களை வெட்டி, ஆட்களையும் அனுப்பிவிட்டார்கள். நாம் ஈப்போவை ஒட்டிய இந்தச் சிலிபினுக்கு வந்தோம். உன் அப்பா பலகைக் கிடங்கில் சேர்ந்தார், நான் தையல் கடையில் உட்கார்ந்தேன். ஆளாளுக்குத் தோட்டம் போனதே என்று புலம்பினார்கள். நமக்குப் புலம்ப நேரமில்லை. நீ விடியற்காலையில் திடலுக்குப் போக வேண்டும், அதற்கு முன்னால் நான் முட்டை அவிக்க வேண்டும்.

ஈப்போ விளையாட்டரங்கில் நீ முதன்முதலாக மாநிலத்துக்காக ஓடியதைப் பார்க்க நானும் அப்பாவும் வந்தோம். ஒலிபெருக்கியில் உன் பெயரைத் தப்பாகத்தான் சொன்னார்கள். துப்பாக்கி வெடித்தது. மற்றப் பெண்கள் ஓடுவது தெரிந்தது, அவர்கள் மூச்சு வாங்குவது, தோள் ஆடுவது எல்லாம் தெரிந்தது. நீ ஓடுவதாகவே தெரியவில்லை, யாரோ உன்னை இழுத்துக்கொண்டு போகிறார்கள் போல இருந்தது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலாய்க்காரம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார், அவருக்கு நான் யார் என்றே தெரியாது. அதற்கப்புறம் கோலாலம்பூர், நாட்டிலேயே வேகமான பெண் என்று பத்திரிகையில் படம், பக்கத்து நாட்டில் நடந்த போட்டியில் தங்கம். நூறு மீட்டரிலும் இருநூறிலும் உனக்கு முன்னால் ஆளே இல்லாமல் போனது. அப்பா உன் படங்களை வெட்டிச் சாமி படத்துக்குக் கீழே ஒட்டினார். மார்க்கெட்டில் மீன்காரர், "ஓட்டக்காரி அம்மா வாங்க" என்று கூப்பிட்டு நல்ல துண்டாக எடுத்துக் கொடுப்பார்.

அந்தச் சந்தோஷத்துக்குள்ளே எனக்கு ஒரு கவலையும் இருந்தது. உன் வயதுப் பெண்களுக்கெல்லாம் சடங்கு முடிந்து, சிலருக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. நீ இன்னும் வயதுக்கு வரவில்லை. கோயிலில் பார்க்கிற பெண்கள் காதோடு காதாக, "இன்னுமா?" என்று கேட்பார்கள். லிம் மாஸ்டரிடம் கூச்சத்தோடு ஒரு தடவை கேட்டேன். கடுமையாக ஓடுகிற பெண்களுக்குத் தள்ளிப்போகும் என்றார், அது உண்மையும்கூட. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். நீ ஒரு நாள்கூட அதைப் பற்றிப் பேசியதில்லை. நீ பேசியதெல்லாம் தொடக்கத்தில் கால் எடுப்பது பிந்துகிறது, வளைவில் தோளைச் சாய்க்க வேண்டும் என்பதுதான்.

ஆசியாவிலிருந்து எல்லா நாட்டுக்காரர்களும் வருகிற அந்தப் பெரிய போட்டிக்கு நீ புறப்பட்டபோது, நம் வரிசை வீட்டுக்காரர்கள் எல்லாரும் வாசலில் நின்று கையசைத்தார்கள். ஓட்டம் நடக்கிற நாளில் அப்பா வேலைக்குப் போகாமல் வானொலிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெயர்களைப் படித்தார்கள். உன் பெயர் வரவில்லை. தப்பாகச் சொல்லியிருப்பார்கள் என்றார். கடைசியில், மலேசிய வீராங்கனைக்குக் காலில் தசைப்பிடிப்பு, அதனால் ஓடவில்லை என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டார்கள். விமான நிலையத்தில் நீ வெளியே வந்தபோது இடது தொடையிலிருந்து முழங்கால் வரைக்கும் வெள்ளைக் கட்டு. நொண்டி நொண்டி வந்தாய். அப்பா ஓடிவந்து தோள் கொடுத்தார். நீ அவர் தோளில் கை வைத்தாய், ஆனால் பாரத்தை வைக்கவில்லை. அதை அவர் கவனித்தாரோ என்னவோ, நான் கவனித்தேன். வலியை மறைக்கிறாய் என்று நினைத்தேன்.

மறுநாள் மத்தியானம் நல்லெண்ணெயைச் சுடவைத்துக் கொண்டுவந்தேன். "வேணாம்மா" என்றாய். "கட்ட மாத்தணும், எண்ண போடணும், சும்மா இரு" என்றேன். திரும்பவும் வேண்டாம் என்றாய். நான் விடவில்லை. கடைசியில் நீ சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு காலை நீட்டினாய். சுற்றுச் சுற்றாக அவிழ்த்தேன். வீக்கம் இல்லை. கன்றிப்போன இடம் இல்லை. விரலால் அழுத்திக்கொண்டே வந்தேன், நீ அசையவில்லை. மரம் மரமாக மேடு பள்ளம் ஏறி இறங்கி நடந்தவள் நான், பிடித்துக்கொண்ட கால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா.

"எங்க வலிக்குது தேவகி?"

"எங்கேயும் வலிக்கலம்மா."

"அப்ப எதுக்கு இந்தக் கட்டு?"

"போட்டுக்கச் சொன்னாங்க. போட்டுக்கிட்டேன்."

நீ சுவரைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாய். ஓட்டத்துக்கு முன்னால் பெண்களையெல்லாம் வரிசையில் நிறுத்தி, வாய்க்குள் ஒரு குச்சியை விட்டுக் கன்னத்தின் உட்பக்கத்தைச் சுரண்டி எடுத்தார்களாம். பெண்தானா என்று பார்க்கிற சோதனையாம். எல்லாருக்கும் பெண்தான் என்று அட்டை வந்தது, உனக்கு வரவில்லை. மறுநாள் இன்னொரு சோதனை. அதற்கப்புறம் கூடப்போன அதிகாரி உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, நீ பெண்கள் ஓட்டத்தில் ஓட முடியாது, வெளியே தெரிந்தால் உனக்கும் கேவலம் நாட்டுக்கும் கேவலம், கால் பிடித்துக்கொண்டது என்று சொல்லிவிடு, எல்லாம் உன் நல்லதுக்குத்தான் என்று சொல்லிக் கட்டுப் போட ஆளும் அனுப்பினாராம்.

"ஏன் ஓட முடியாதாம்?" என்று கேட்டேன்.

"நான் பொம்பள இல்லன்னு சொல்றாங்கம்மா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, தேவகி. அதை நீ இன்றுவரை மறந்திருக்க மாட்டாய். ஆபீஸில் யாரோ அட்டையை மாற்றி வைத்துவிட்டார்கள் என்றுதான் என் புத்தியில் பட்டது. "பெத்தவ நான் உயிரோட இருக்கேன், என்னைய ஒரு வார்த்த கேட்டாங்களா?" என்றேன். நீ அப்போதுதான் திரும்பி என் முகத்தைப் பார்த்தாய். உன் முகத்தைப் பார்த்ததும் என் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. கையிலிருந்த எண்ணெய் ஆறிப்போகும் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தேன். உன் அப்பா வேலையிலிருந்து வந்ததும் பின்கட்டில் வைத்து அவரிடம் சொன்னேன். கத்துவார், யாரையாவது அடிக்கக் கிளம்புவார் என்று பயந்தேன். அவர் குழாயைத் திறந்து கை கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"குச்சிய விட்டுச் சொரண்டுனப்ப அவளுக்கு வலிச்சுச்சாமா?"

டவுனில் இருந்த டாக்டரம்மாவிடம் நாம் மூவரும் போனது உனக்கு நினைவிருக்கும். நிதானமானவர். படம் வரைந்து காட்டி, தமிழில் சொன்னார். உனக்குக் கருப்பை இல்லை, மாதவிடாய் வராது, பிள்ளை பிறக்காது, ரத்தத்தில் ஏதோ ஒன்று ஆண்களுக்கு இருக்கிற மாதிரி அமைந்திருக்கிறது, ஆனால் உடம்பு அதற்குச் செவிசாய்க்காமல் பெண்ணாகவே வளர்ந்துவிட்டது என்றார். "இவ பொண்ணுதாங்க. இது நோய் இல்ல, யாரும் செஞ்ச தப்பும் இல்ல" என்றார். பிள்ளை பிறக்காது என்று கேட்டதும் எனக்குக் காது அடைத்துவிட்டது. நீ அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலி நுனிக்கு வந்து, "அப்ப நான் யாரையும் ஏமாத்தி ஜெயிக்கலையா டாக்டர்?" என்று கேட்டாய். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இல்லம்மா, நீ யாரையும் ஏமாத்தல" என்றார். நீ மூச்சை விட்டது எனக்குக் கேட்டது. ஒரு பெண்ணுக்கு இப்படி ஒரு செய்தி சொல்லும்போது அவள் கேட்கிற கேள்வி இதுதானா என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பின்னால் வந்த மாதங்களை நான் விரிவாக எழுதப்போவதில்லை. வாசற்படி தாண்டினால் நொண்டினாய், வீட்டுக்குள் வந்தால் நேராக நடந்தாய். பார்க்கிறவர்கள் எல்லாரும், "கால் எப்படி இருக்கு தங்கச்சி?" என்று கேட்டார்கள், நல்ல மனசோடுதான் கேட்டார்கள். ஒரு நாள் நீ அறையிலிருந்து அடுப்படிக்குத் தண்ணீர் குடிக்க வந்தாய். வீட்டில் நம் இருவரையும் தவிர யாரும் இல்லை. அன்றைக்கு நீ நொண்டிக்கொண்டு வந்தாய். உனக்கே தெரியவில்லை. அதைப் பார்த்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது. அந்தச் சோதனை முடிவைக் கேட்டபோதுகூட நான் அப்படிப் பயப்படவில்லை. "தேவகி, நேரா நட" என்று அதட்டினேன். ஏன் அதட்டுகிறேன் என்று புரியாமல் விழித்தாய். அதற்கப்புறம் மெல்ல மெல்லக் கால் சரியாகிவிட்டதாக ஊருக்குச் சொல்லிக்கொண்டோம். நொண்டுவது நின்றது, ஓட்டமும் நின்றது. லிம் மாஸ்டர் ஒரு கேள்வியும் கேட்காமல் உனக்குத் தன் பள்ளியிலேயே விளையாட்டுப் பயிற்சி சொல்லும் வேலை வாங்கிக் கொடுத்தார். கழுத்தில் விசிலோடு திடல் ஓரத்தில் நின்றாய். நீ பழக்கிய பிள்ளைகள் ஓடின, பரிசும் வாங்கின. நீ மழை கொட்டினாலும் நடந்துதான் வீட்டுக்கு வந்தாய், நனைந்துகொண்டு.

மனோகர் அந்தப் பள்ளிக்குக் கணக்கு வாத்தியாராக வந்தவர். உன்னைப் பெண் கேட்டு வீட்டுக்கு வரப்போகிறார்கள் என்று நீ சொன்னபோது நான் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டேன். "அவர்கிட்ட சொல்லிட்டியா?" என்றேன். "எல்லாத்தையும் சொல்லிட்டேன்மா. நமக்குள்ள இருக்கட்டும், வீட்டுல சொல்ல வேணாம்னு சொல்றாரு. நானும் சரின்னுட்டேன்" என்றாய். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. தெலுக் இந்தானிலிருந்து காரில் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா, அம்மா, இரண்டு சொந்தக்காரர்கள். தட்டு மாற்றுகிறதுக்குக் கொஞ்சம் முன்னால், உன் மாமியார் உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தலையைத் தடவி, அன்பாகத்தான் கேட்டார்.

"கால்ல அடிபட்டுச்சே, அது இப்ப சரியாப் போச்சாம்மா? நாளைக்கு உண்டாகி வயித்தத் தூக்கிக்கிட்டு நடக்கணும்ல."

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நீ எழுந்துவிட்டாய். "என் கால்ல அடியே படலைங்க" என்றாய். சபையில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, டாக்டரம்மா சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாய், எனக்குப் பிள்ளை பிறக்காது என்றும் சொன்னாய். குரல் நடுங்கவில்லை. மனோகர் உன்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார், அவருக்கும் இது அதிர்ச்சிதான். மாமியார் உன் தலையிலிருந்து எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப நீ ஓடி ஜெயிச்சதெல்லாம் பொய்யா?" என்று கேட்டார்.

"ஓடுனது பொய் இல்ல அத்தை. நொண்டுனதுதான் பொய்" என்றாய்.

உன் மாமனார் எழுந்தார். வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டார்கள், செருப்பைத் தேடினார்கள், யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மனோகர் மட்டும் எழவில்லை. வெளியே கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. "மனோ, வாடா" என்று அவர் அப்பா கூப்பிட்டார். "நீங்க போங்கப்பா. நான் பஸ்ல வாரேன்" என்றார் அவர், உட்கார்ந்த இடத்திலிருந்தே. பிறகு என்னைப் பார்த்து, "அத்தை, கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்றார். தண்ணீர் கொண்டுவரப் போனவள் அடுப்படியில் நின்று அழுதேன். துக்கமா என்றால் துக்கம் இல்லை. இத்தனை வருஷம் நாம் மூன்று பேரும் பிடித்துக்கொண்டிருந்ததை நீ ஒரே நொடியில் கீழே போட்டுவிட்டாய், கை வலிக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

கல்யாணத்தைப் பற்றி உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. மாமனார் வரவில்லை, அது உனக்குத் தெரியும். தாலி கட்டி முடிந்த பிறகு உன் மாமியார் தனியாக டாக்ஸி பிடித்து வந்து, கோயில் தூணோரம் நின்றார். நான் ஓடிப்போய் அழைத்தேன். "எனக்கு இன்னும் ஒண்ணும் புரியல சம்பந்தி" என்றார். "வீட்டுல அவரு பேசவே மாட்டேங்கிறாரு. எனக்கும் பேரப்பிள்ள ஆச இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா உங்க பொண்ணு என் மூஞ்சியப் பாத்துப் பேசுச்சு. எங்க வீட்டுல யாரும் என் மூஞ்சியப் பாத்து எதையும் சொன்னதில்ல." அப்புறம்தான் வந்து உன் நெற்றியில் குங்குமம் வைத்தார். அவரிடம் பொறுமையாக இரு. ஒரே நாளில் எல்லாம் புரிந்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்காதே, எனக்கே இன்னும் முழுசாகப் புரியவில்லை. மாமனார் வீட்டுக்கு வந்தால் சோறு போடு, வராவிட்டால் போய்க் கூப்பிடாதே, அவராக வரட்டும். ஊரில் மற்றவர்கள் கேட்டால் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் உனக்கு இல்லை. சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிவிட்டாய். இனிமேல் கேட்கிறவர்களின் ஆசைக்காக உன் உடம்பைத் திறந்து காட்ட வேண்டாம். நீங்கள் இருவரும் மாற்றலாகிப் போகிற புது இடத்துப் பள்ளியிலும் திடல் இருக்கும், பெண் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களில் யாராவது ஒருத்தி பெரிய போட்டிக்குப் போவாள். அவளைத் தனியாக அனுப்பாதே. கூடப் போ.

இனி நேற்றுக் காலையைச் சொல்லி முடிக்கிறேன். ஈப்போ பஸ் நிலையத்தில் மாப்பிள்ளை பெட்டிகளோடு ஏறி உட்கார்ந்துவிட்டார். தெருமுனையில் ஒதுங்கி நின்ற அப்பாவிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று நீ அங்கே போனாய். பஸ் நகர ஆரம்பித்தது. மாப்பிள்ளை ஜன்னலில் தலையை நீட்டிக் கையை ஆட்டுகிறார். நான் "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்துகிறேன், டிரைவருக்குக் கேட்கவில்லை. அப்போது நீ திரும்பிப் பார்த்தாய். புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகினாய், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாய், ஓடினாய். தேவகி, பட்டுப்புடவையும் வளையலும் மெட்டியுமாக ஓடினாய். டிக்கெட் வாங்க நின்றவர்கள் எல்லாரும் திரும்பிவிட்டார்கள். ஆப்பம் சுட்டுக்கொண்டிருந்த பெண் கரண்டியைத் தூக்கியபடியே நின்றாள். அதே தோள், அதே முதுகு, யாரோ இழுத்துக்கொண்டு போவது போல அதே போக்கு. பஸ் சாலைக்குத் திரும்பும் முன்னால் நீ கம்பியைப் பிடித்து ஏறிவிட்டாய். என் வாய் திறந்தபடியே நின்றது.

பக்கத்தில் பழம் விற்கிற வயதான சீனர் ஒருவர், வெட்டிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு, மலாயில் என்னிடம், "அது யாரு?" என்று கேட்டார். மலாயில் பிள்ளைக்கு 'அனாக்' என்ற ஒரே சொல்தான், ஆணுக்கும் அதுதான் பெண்ணுக்கும் அதுதான். 'என் பிள்ளை' என்று மட்டும் சொல்லியிருந்தால் போதும், அவருக்குப் புரிந்திருக்கும். நான் கூட ஒரு சொல் சேர்த்து, பஸ் நிலையத்தில் நின்ற எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"அனாக் பெரெம்புவான் சாயா. என் பெண் பிள்ளை."

உன்னைப் பெற்றவள்,
அம்மா